மேளம் நின்ற வாசல்

கிறிஸ்மஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு. ஆராதனைக்குக் கிளம்ப என் கணவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது. வாய் ஒரு பக்கம் கோணியது. "என்னங்க?" என்றேன். முனகல்தான் வந்தது.

பக்கவாதம். சில நாட்களில் டாக்டர்கள் கைவிரித்தார்கள். சபைக்குக் கடைசியாகப் போன செய்தி அதுதான். பிறகு யார் போனையும் நான் எடுக்கவில்லை. உயிர் மட்டும் மிஞ்ச, அவரைப் புனேயில், போபோடியில் இருக்கும் எங்கள் மாடிவீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

புனே வந்த நாளிலிருந்து எங்கள் தமிழ்ச் சபைப் பாடகர் குழுவின் கட்டைக்குரல் அவர். இப்போது தாகமா, வலியா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே முனகல். ஒருநாள் ஆத்திரத்தில் என் கையைக் கடித்தார். நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த வருடம் வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் கட்டவில்லை. எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஜனங்களுக்குள் சாவு நடந்த வீடுதான் நட்சத்திரம் கட்டாது. வீடு வீடாகப் பாடிவரும் கேரல் குழுவும் அங்கே பாடாமல் தாண்டிப் போகும். அது ஒரு மரியாதை.

கிறிஸ்மஸுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் மேளம் கேட்டது. அவர் தலையைத் திருப்பினார். தலையணை வைத்து உட்காரவைத்தேன். எங்கள் வீட்டுக்குக் கீழே மேளம் நின்றது. செருப்புச் சத்தம் மட்டும். சற்றுத் தள்ளிப் போய் மறுபடி தொடங்கியது. அவருக்கும் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "ஆண்டவரே, இவர் இன்னும் சாகலை. அவங்ககிட்ட சொல்லும்." ஆமென்கூடச் சொல்லவில்லை.

குழுவில் ஒரு பெண் பின்தங்கி, கீழ்வீட்டு மராத்திக்கார அம்மா ஷிண்டே காகூவிடம், "அங்கிள் எப்போது தவறினார்?" என்று விசாரித்திருக்கிறாள். காகூவின் இந்தி தெருவுக்கே கேட்டது. "தவறினாரா? உன் வாயில மண்ணு விழ! ஜிந்தா ஹை! உயிரோட இருக்கார்! காலையிலகூட என்னை முறைச்சார்! ஓடுறவங்களைக் கூப்பிடு!"

என் ஜெபத்துக்குப் பதில் அந்த வசவாக வந்தது.

மூச்சிரைக்க ஏறிவந்த குழுத்தலைவர் ஜெபராஜுக்கு முகம் வெளிறியிருந்தது. "மதினி, ஸ்டார் இல்லையா... அண்ணாச்சி போயிட்டாகன்னு நெனச்சிட்டோம். பாட்டோட ஏறக்கூடாதேன்னு..."

"பாடுங்க தம்பி," என்றேன்.

மேளம் இல்லாமல் பாடினார்கள். இரண்டாவது அடியில் என் கணவரின் வாய் திறந்தது. கட்டைக்குரல் வந்தது. குழறலாக, ஆனால் சொல் சொல்லாக. ஜெபராஜ் சுருதியை விட்டுவிட்டார். வாசலில் நின்ற காகூ, "பகா, பகா," என்றாள். பாருங்க, பாருங்க என்று.

அந்த அறையில் எங்களைத் தவிர இன்னொருவர் இருந்தார். இதற்குமேல் துல்லியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாட்டு மூளையின் மறுபக்கத்தில் இருக்கிறது, பேச்சிழந்தவர்கள் பாடுவது உண்டு என்று பிறகு டாக்டர் விளக்கினார். இருக்கட்டும். அந்தப் பக்கத்தையும் படைத்தவர் அவரே.

அடுத்த அட்வென்ட் வந்துவிட்டது. வலது கை வரவில்லை. பேச்சும் வரவில்லை. சில நாள் காரணமில்லாமல் அழுகிறார். நானும் அழுகிறேன். ஆனால் ஜெபத்தை விடவில்லை. உங்கள் வீட்டிலும் அது நின்றுபோயிருந்தால், அழகாகச் சொல்லத் தேவையில்லை. உள்ளதை ஒரு வரி சொல்லுங்கள். அவர் கேட்கிறார்.

இதோ, உள்ளேயிருந்து என் கணவர் ராகம் போட்டுத் தண்ணி கேட்கிறார். போகிறேன்.