அளவுத்திட்டம் எழுதாத வரைபடம்

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வரைபடக் கேள்வி ஒன்று வரும். மாணவன் வளைவை எவ்வளவு அழகாகப் போட்டிருந்தாலும், மூலையில் அளவுத்திட்டம் எழுதவில்லையென்றால் நான் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். ஒரு சென்டிமீட்டர் என்பது ஒன்றா, பத்தா, நூறா என்று சொல்லாத கோடு வெறும் கிறுக்கல் என்று இருபத்தாறு வருடம் வகுப்பில் கத்தியிருக்கிறேன். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக அழுத பிள்ளைகள் உண்டு. இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பகல் முழுவதும் வெட்டி. மந்தைவெளியில் ஒரே படுக்கையறை உள்ள வீடு. நான், மனைவி, படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியார். மாலையில் மட்டும் டியூஷன். அப்போதுதான் தி.நகரில் ஒரு புடவைக் கடையின் மாடியில் பங்குச் சந்தை வகுப்பு நடப்பது தெரிந்து சேர்ந்தேன். வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலையில். அதற்காக மாதா கோயில் பூசையைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிக்கொண்டேன். ஏன் ஞாயிற்றுக்கிழமை ஆளைக் காணோம் என்று கோயிலில் கேட்டவர்களிடம் மூட்டுவலி என்று புளுகினேன்.

சொல்லிக்கொடுத்தவருக்கு என் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும். விலை செங்குத்தாக விழும், அடியில் நிற்காமல் அதே வேகத்தில் ஏறும், திரையில் ஆங்கில எழுத்து 'வி' போலத் தெரியும், அந்தத் திருப்பத்தைப் பிடித்தவன் பிழைத்துக்கொள்வான் என்றார். கூடவே ஒரு விதியும் சொன்னார்.

"விழுந்ததுல பாதியாவது ஏறட்டும் சார். அதுவரைக்கும் கையக் கட்டிக்கினு உக்காருங்க. லேசா நிமுந்தவொடனே வாங்கிட்டீங்கன்னா போச்சு."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே, வரைபடம் போடுவதை எனக்கே சொல்லித்தருகிறானா என்று ஒரு இளக்காரம். அந்தத் திமிருக்குத் தீனி போட்ட மாதிரி முதல் இரண்டு முறை லாபம் வந்தது. சின்னத் தொகைதான், ஆனால் தங்கையிடம் பெருமையடித்துக்கொள்ளப் போதுமானதாக இருந்தது.

எனக்கு ஒரே தங்கை. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. மயிலாப்பூரில் லீஸுக்கு ஒரு வீடு பிடித்து இருந்தாள். மொத்தமாக எட்டு லட்சம் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது அதே எட்டு லட்சம் திரும்ப வரும். அவள் சம்பளத்துக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை இருந்ததே அந்த ஏற்பாட்டால்தான். வீட்டுக்காரரின் மகன் குடிவரப்போவதாகச் சொல்லி, பணத்தை முன்கூட்டியே கொடுத்து, இரண்டு மாதம் டைம் தந்தார்கள். அவளுக்கு அடையாறில் ஒரு வீடு பிடித்துப்போனது. பால்கனி, பக்கத்திலேயே பஸ். ஆனால் பத்து லட்சம் கேட்டார்கள்.

"ரெண்டு லட்சத்துக்கு நான் எங்கண்ணா போவேன்?" என்றாள்.

அவள் என்னிடம் பணம் கேட்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். வாயைத் திறந்தது நான்தான். "ரெண்டு மாசம் பேங்க்ல சும்மாதானே கெடக்கும்? எங்கிட்ட குடு. பத்தா திருப்பித் தரேன்" என்றேன்.

"நீ கணக்கு வாத்தியாராச்சே, உனக்குத் தெரியாததா" என்று சொல்லி, மறுநாளே என் கணக்குக்கு அனுப்பிவிட்டாள்.

பைப் செய்யும் ஒரு கம்பெனியின் பங்கு அந்த வாரம் அறுநூறிலிருந்து நானூறுக்கு விழுந்திருந்தது. பிறகு இரண்டு நாளில் நானூற்று முப்பதுக்கு வந்தது. விதிப்படி பார்த்தால் ஐந்நூறு வரும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அடையாறு வீட்டை வேறு ஆட்களும் கேட்பதாகத் தங்கை சொல்லியிருந்தாள். அவசரம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, போன் திரையில் இரண்டு விரலை வைத்து அந்தக் கடைசி சில நாட்களை மட்டும் இழுத்துப் பெரிதாக்கினேன். அந்த முப்பது ரூபாய் ஏற்றம் கீழிருந்து திரையின் உச்சி வரை போய் நின்றது. அச்சு அசல் 'வி'. விழுந்த இருநூறு ரூபாய் திரைக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. இழுக்க இழுக்க அளவு மாறும் என்பது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருடம் அதற்குத்தானே மதிப்பெண்ணைப் பிடுங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கையில் இருக்கும் பணத்துக்கு மேல் இரண்டு மடங்கு புரோக்கர் கடன் தருவான். அதையும் சேர்த்து வாங்கினேன். இதற்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு என்று ஒரு விலையைக் குறித்துவைக்கலாம், அதையும் வைக்கவில்லை. வைத்தால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நாலு நாள் அங்கேயே ஊசலாடியது. ஐந்தாம் நாள் அந்தக் கம்பெனியின் நஷ்டக் கணக்கு வெளியே வந்தது. காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்தபோதே விலை முன்னூற்றுச் சொச்சம். மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த மனைவி, "ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் புரோக்கர் தன் கடனுக்காக எல்லாவற்றையும் விற்றுவிட்டான். எட்டு லட்சத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் மிஞ்சியது. அந்தப் பங்கு இன்றுவரை நானூறைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே தங்கை வீட்டுக்குப் போனேன். மளிகைக் கடை அட்டைப்பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் சமையல், ஹால், பால்கனி என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. பால்கனிப் பெட்டியில் இரண்டு பூந்தொட்டி. நான் சொல்லி முடிக்கும்வரை கையிலிருந்த டம்ளரைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நீ கணக்கு வாத்தியாராச்சேண்ணா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு அறை அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

இப்போது அவள் அடையாறில்தான் இருக்கிறாள், பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மொட்டை மாடி அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. வாடகையில் பாதியை என் டியூஷன் பணத்திலிருந்து கொடுக்கிறேன். பூந்தொட்டிகள் வெயிலில் கருகிவிட்டன. சனிக்கிழமைதோறும் போய்ப் பார்ப்பேன். இரண்டாம் மாதமோ என்னவோ, "எனக்கும் அத சொல்லிக்குடு. எப்படிப் போச்சுன்னாவது தெரிஞ்சுக்கறேன்" என்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சொல்லிக்கொடுத்தேன். விழுவது, திரும்புவது, பாதி ஏறும்வரை பொறுப்பது, எல்லாம். அவள் என்னைப் போலவே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

போன சனிக்கிழமை போனபோது கதவைத் திறந்ததும் போனைத்தான் நீட்டினாள். முகத்தில் அவ்வளவு தெளிச்சி. கணவர் போன பிறகு அப்படி நான் பார்த்ததில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது.

"சங்கிலி எங்க?"

"அடகு வெச்சுட்டேன். நீ திருப்பிக் குடுத்த ஒரு லட்சத்தோட அதையும் சேத்து நேத்து வாங்கிட்டேன். இங்க பாருண்ணா, திரும்பிடுச்சு. அந்த பால்கனி வீட்டம்மா கிட்ட கூடப் பேசிட்டேன், அவங்களோட வேற வீடு ஒண்ணு காலியாகுதாம்."

கல்யாணச் சங்கிலி அது. என் அப்பா போட்டது. அவள் திரையில் இரண்டு விரலை வைத்துக் கடைசி சில நாட்களை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். இதை நான் அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை. சொல்லிக்கொடுக்கும்போது நான் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

அன்று சந்தை மூடியிருந்தது, திங்கட்கிழமை காலைக்கு முன்னால் விற்க முடியாது. ஆனால் இரண்டு விரலால் அந்தத் திரையை மறுபடி சுருக்கிக்காட்ட ஒரு நொடி போதுமாயிருந்தது. முழுச் சரிவும் தெரிந்திருக்கும், அவளுக்கும் புரிந்திருக்கும். திங்கட்கிழமை முதல் வேலையாக விற்றிருப்பாள்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். நல்லா இருக்கும்மா என்றேன். அவள் மனம் நோகக் கூடாதென்று சொன்னதாக வீடு திரும்பும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது பொய். எனக்கும் அது 'வி'யாகத்தான் தெரிந்தது.