ஞானஜோதி டீச்சரின் ஆச்சரியக்குறி

மேலிருந்து கீழே ஒரு கோடு, கொஞ்சம் நிறுத்தம், பிறகு சாக்பீஸ் உடையும்படி ஒரு குத்து. "கோடு போட்டவுடனே புள்ளி வைக்கக் கூடாதுலே. நெஞ்சு திக்குனு ஒரு நிமிசம் நிக்கணும். அப்புறம்தான் புள்ளி." உடைந்த துண்டு எங்கே தெறிக்கிறது என்று மூன்றாம் வகுப்பு முழுதும் கழுத்தை நீட்டும். ஞானஜோதி டீச்சர் குனிந்து அதை எடுத்துப் பவுடர் டப்பாவில் போட்டுக்கொள்வார்.

மலையாள மண்ணில், சின்னக்கானலுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம். தகரக் கூரையில் மழை இறங்கினால் பாடம் காதில் விழாது. தலையில் மப்ளர் சுற்றி, பால் விடாத கட்டஞ்சாயா டம்ளரைக் கன்னத்தில் ஒற்றியபடி நிற்கும் டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் வேலை தேடித் திருநெல்வேலிப் பக்கம் இறங்கியவர்; கிறிஸ்துமசுக்குக்கூட ஏறி வருவதில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு, வேலை இருக்கிறவரைக்கும். வேலையோ தற்காலிகம்.

சாதாரணமாக அவர் குரல் உயராது. ஆச்சரியக்குறிப் பாடத்தன்று மட்டும் ஆளே மாறிவிடுவார். "ஆகா! மழை விட்டுருச்சு!" என்று கைதட்டுவார். பிள்ளைகளுக்கும் அந்தக் குறி என்றால் கொள்ளை ஆசை. சந்தனம் என்கிற பையன் 'நேற்று எங்கள் வீட்டில் கறி' என்று எழுதி, சிலேட்டின் விளிம்புவரை குறிகளாக நட்டிருந்தான். "ஒண்ணு போதும்லே. கறிக்கும் ஒண்ணுதான்" என்றவர், சிரிப்பை மறைக்க மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் பெருமழைக் காலத்தில், விறகுக்குப் போன முத்துப்பேச்சியை யானை மிதித்துக் கொன்றது. அவள் மகள் மாரித்தாய் மூன்றாம் வகுப்பில் முன்வரிசை. காரியம் முடிந்து பள்ளிக்கூடம் வந்தவள், எழுதச் சொன்னால் எழுதினாள், வாசிக்கச் சொன்னால் வாசித்தாள். விளையாட மட்டும் வரவில்லை. புத்தகத்தில் ஆச்சரியக்குறிக்கு முதல் எடுத்துக்காட்டே 'ஐயோ! யானை!' என்பதுதான். டீச்சர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. மழையையும் கறியையும் வைத்தே பாடத்தை முடித்துவிட்டார்.

மழை கொஞ்சம் ஓய்ந்தபோது கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். டீச்சரை நிரந்தரமாக்குவதா என்பது அவர் எழுதப்போகும் குறிப்பில் இருந்தது. நல்ல மனிதர்தான், தமிழில் மலையாளம் கலந்து பேசினார். முன்வரிசையில் கைக்கு எட்டிய புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அது மாரித்தாயின் புத்தகம். விரித்த பக்கத்தை அவளிடமே நீட்டி, "வாசி மோளே" என்றார்.

மாரித்தாய் எழுந்தாள். "ஐயோ யானை" என்றாள், பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன்' சொல்வதைப்போல.

"ஆச்சரியக்குறி உண்டல்லோ? பயந்து வாசிக்கணும். இன்னொரு தடவை."

அவள் விரல் அந்த வரியின் மேலேயே நின்றது. வகுப்பில் ஒரு தலையும் நிமிரவில்லை.

"சார், அவ அம்மாவ..." என்று சந்தனம் எழுந்தான்.

"உக்காருலே!" டீச்சர் அப்படி அதட்டி யாரும் கேட்டதில்லை. பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "நான் இன்னும் அந்தக் குறியைச் சொல்லிக் குடுக்கலை சார். பிள்ளை மேல தப்பில்லை."

"இத்தனை மாசமாயிட்டுமா?"

"சொல்லிக் குடுக்கலை சார்."

அவர் பேனாவைத் திறந்து எழுதினார். டீச்சர் ஜீப்வரை கூடப் போனார். "உங்களை ஸ்திரமாக்கச் சொல்லி நான் எப்படி எழுதட்டும் டீச்சரே? அடுத்த ஜூன்ல வேற ஆளைப் போட வேண்டி வரும்" என்றார் அதிகாரி, வருத்தமாகவே. இங்கே வைத்தாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று டீச்சருக்கு வாய்வரை வந்தது. முந்தானையை ஏதோ இழுத்தது. பின்னாலேயே வந்திருந்த மாரித்தாய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாங்க சார்" என்றார் டீச்சர்.

சாயங்காலம் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மாரித்தாயைத் தொழிலாளர் லைன் வீட்டில் விட்டுவர டீச்சர் குடையோடு கிளம்பினார். இடப்பக்கமிருந்து சாரல் சாய்ந்து அடித்தது. ஓடைக்கு இறங்கும் திருப்பத்தில், வலப்பக்கம், முத்துப்பேச்சி கிடந்த இடம். அங்கே வந்ததும் டீச்சர் குடையை வலப்பக்கமாகச் சாய்த்து, பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு, இருவரும் நனைய நனைய நடந்தார்.