ஒரே ஒரு பிரதி

குவைத்தில், ஃபர்வானியாவில் நான் நர்ஸ். கணவருக்குக் கத்தாரில் வேலை. சின்னவள் இங்கேயே என்னோடு வளர்ந்தவள். பெரியவளை மூன்று வயதில் நாகர்கோவிலில் என் தங்கையிடம் விட்டுவிட்டேன். நைட் டியூட்டியும் கைக்குழந்தையுமாக இரண்டு பேரைச் சமாளிக்க முடியவில்லை. இப்போது அவளுக்குப் பதினாறு. போன விடுமுறைக்கு வந்தாள். "இனி இங்கேயே தங்கிப் படிக்கிறாயா?" என்று கேட்கத்தான் ஆசை. கேட்க வாய் வரவில்லை.

அக்கா தங்கை பழகிய விதம் எனக்குப் பிடிபடவே இல்லை. "ப்ளீஸ்", "தேங்க்ஸ்", "நீ மொதல்ல குளி." ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் சந்தித்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சண்டையே இல்லை. வீட்டுக்கு வந்த தோழிகள் மெச்சினார்கள். எனக்கோ அதுதான் கவலை.

நர்சிங் விடுதியில் நான் அழுது அழுது படித்த பழைய அமெரிக்க நாவல் ஒன்று உண்டு. சகோதரிகள் ஒரே வீட்டில் அடித்துக்கொண்டும் கட்டிக்கொண்டும் வளர்கிற கதை. அதை வாங்கி வந்தேன், வேண்டுமென்றே ஒரே ஒரு பிரதி. பங்கு போட்டுப் படித்தாலாவது ஒட்டிக்கொள்வார்களே! நாவலை வைத்துப் பிள்ளை வளர்க்கக் கிளம்பிய என் புத்தியை என்ன சொல்ல?

பத்தாம் நாள் டியூட்டி முடிந்து கதவைத் திறந்தால் ஒரே கூச்சல். பெரியவள் பக்கத்தின் முனையை மடித்துவிட்டாளாம்; சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவளின் முடி பெரியவளின் பிடியில்.

பதறிப்போய் நடுவில் புகுந்தேன். சின்னவளைப் பார்த்து, "அக்கா நம்ம வீட்டுக்கு வந்திருக்கா. வந்தவங்ககிட்ட இப்படியா நடக்கது? குடுத்திரு" என்றேன்.

விருந்தாளி வந்தால் எல்லா வீட்டிலும் பிள்ளைகளிடம் சொல்கிற பேச்சுதான். யாரை அப்படிச் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பெரியவள் முடியை விட்டாள். புத்தகத்தைத் தங்கை கையிலேயே கொடுத்தாள். "நீயே படி. நான் ஊருக்குப் போயி சித்திகிட்ட சொல்லி வாங்கிக்கிடுதேன்" என்றாள், பழைய மரியாதையோடு. நான் கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

சின்னவள் என்மேல் பாய்ந்தாள். "மம்மி, நாங்க ஃபைட் பண்ணிட்டிருந்தோம்ல? நீங்க எதுக்கு நடுவுல வந்தீங்க?"

யாரை முதலில் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் யூனிஃபார்மோடு நின்றேன்.