முன்னால் வைத்த பெயர்

நான் எழுதிய நிரலுக்குப் பெயர் வைத்தவர் என் அண்ணன். அவருக்குக் கம்ப்யூட்டரைப் போடவும் அணைக்கவும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் திண்டுக்கல்லில் எங்கள் டிடிபி கடைக்குப் பெயர் வைத்து போர்டு மாட்டியவர் அவர்தான். அதனால் இதையும் அவரிடமே விட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளில்தான் வடிவமைப்போம். பெரிய தாளில் கார்டுகளை வரிசையாக அடுக்கி வெட்டுக்கோடு போட்டு முடிப்பதற்குள் கழுத்து ஒடிந்துவிடும். எரிச்சல் தாங்காமல், அதைத் தானாகச் செய்ய ஒரு ப்ளக்-இன் எழுதினேன். பெரிய மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சின்ன நிரல் அது. இப்படி வெளியாட்கள் எழுதுவதையெல்லாம் பட்டியல் போட அந்த நிறுவனம் தன் இணையதளத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தது. அதில் ஏற்றப் பெயர் கேட்டது.

அண்ணன் யோசிக்கவே இல்லை. மென்பொருளின் பெயரை முன்னால் போட்டுப் பின்னால் 'கார்டு மேக்கர்' என்று சேர்க்கச் சொன்னார். எங்கள் கடை அந்தோணியார் பெயரில் இருந்தது. எதிரே முருகன் பேக்கரி. பெரியவர் பெயரை முன்னால் வைத்துப் பிழைப்பது எங்கள் ஊரில் மரியாதை. அந்தோணியாரிடம் யாரும் அனுமதி வாங்கியதில்லை.

முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கிருந்தோ அதை இறக்கிப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நன்றி சொல்லி வரும் மெயில்களை நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படிப்பேன். அப்புறம் அந்த நிறுவனத்திடமிருந்தே ஒன்று வந்தது. எங்கள் பெயர் எங்களுடைய டிரேட்மார்க், அதை நீங்கள் முன்னால் வைத்தால் நாங்களே செய்ததாக நினைப்பார்கள், கெட்டுப்போனால் எங்களிடம் வருவார்கள் என்று எழுதியிருந்தார்கள். வேறு பெயர் வைத்து, இன்ன மென்பொருளுக்கானது என்று கீழே போட்டுக்கொள்ளலாம். மாற்றாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அந்தப் பட்டியலில் இல்லையென்றால் என் நிரல் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசி வரியில், வெட்டுக்கோடுகள் மயிரிழை பிசகாமல் விழுகின்றன என்று பாராட்டியிருந்தார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் ஒருவர் உட்கார்ந்து என் நிரலை ஓட்டிப் பார்த்திருக்கிறார். பயந்தபடியே பூரித்துப்போனேன்.

அண்ணனுக்கு மனசு ஆறவில்லை.

"பஸ்ஸுக்கு முருகன் பேரு வச்சிருக்கான் பாப்பா. நடுரோட்டுல நின்னுபோனா பழனிக்குப் போயா சண்ட போடுறோம்?"

அவர்களுக்கு உங்கள் மரியாதை வேண்டாமாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தார். யார் பேரும் வேண்டாம், நாம் பிறந்த ஊர்ப் பேரை வை என்றார். இணையத்தில் தேடிப் பார்த்தேன். தாடிக்கொம்பு என்ற பெயரில் உலகத்தில் எந்த மென்பொருளும் இல்லை. அப்படியே வைத்தேன். பட்டியலில் இடம் நிலைத்தது.

மூன்று நான்கு வருடம் போனது. ஒரு நாள் பிரேசிலிலிருந்து ஒரு மெயில். அங்கே அச்சகம் வைத்திருக்கும் ஒருவர், என் ப்ளக்-இன்னோடு சேர்ந்து ஓடும்படி, கார்டுகளுக்கு வரிசை எண் போடும் குட்டி நிரல் ஒன்று எழுதியிருந்தார். அதன் கீழே 'தாடிக்கொம்புக்கானது' என்று போட்டுக்கொள்ள எங்கள் அனுமதி வேண்டுமாம்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவிக் கேட்டே பழகிய பெயர். அதை, கடல் தாண்டி ஒரு மனிதர் எழுத்துப் பிசகாமல் எழுதி, எங்களிடம் கேட்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அந்த ஊரையும் அந்த ஆளையும் பற்றி விசாரித்தார். என்ன பதில் போட என்று கேட்டேன்.

"கீழ எதுக்கு பாப்பா? நம்ம பேர முன்னாலயே போட்டுக்கிறச் சொல்லு. கெட்டுப்போனா நம்மகிட்டயே வரட்டும்."