வேறொருவர் பெயரிட்ட புழு

தென்துருவக் கடலுக்கு நான் போனதில்லை. அதன் அடியிலிருந்து கப்பல்காரர்கள் அள்ளிவந்த சேறுதான், ஃபார்மலினில் ஊறி, சின்னச் சின்னக் குப்பிகளில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அதிலுள்ள உருளைப்புழுக்களைப் பொறுக்கி எடுத்து, எது எந்த இனம் என்று பிரிப்பது என் வேலை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன்.

மூன்றாம் வருஷம், எந்த நூலிலும் இல்லாத ஓர் ஆண் புழு கிடைத்தது. ஒரு மில்லிமீட்டர் நீளம் தேறாது. ஆணுக்கு மட்டும் வாலருகே ஒரு முள் இருக்கும், அதை வைத்துத்தான் இனம் பிரிப்போம்; இதற்கு அது இரண்டு முறை வளைந்திருந்தது. ஒரே புழுவை வைத்துக்கொண்டு புது இனம் என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். இன்னும் நான்கு ஆண், இரண்டு பெண் தேடி எடுக்க ஏழு மாதம் ஆனது.

வீட்டில் நைனாவிடம் மட்டும் சொன்னேன். காலமெல்லாம் நிலக்கரி லாரி ஓட்டி, மூச்சு கெட்டு, கட்டிலோடு கிடந்தார்.

"ஐஸுக்கு அடியில புழு இருக்குதா? இன்னாத்த துன்னும்?"

"சேத்துல இருக்கிற கிருமிய, நைனா."

"இதுவரிக்கும் யாரும் பாக்கலியா?"

"பாத்திருந்தா எழுதியிருப்பாங்க."

அதற்குப் பிறகு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் புழுவைப் பற்றித்தான் பேசுவார்.

அளவுகள் எடுத்தாயிற்று, படம் வரைவது மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில் நைனாவுக்கு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அம்மா போய் இரண்டு வருஷமாகியிருந்தது. கூட இருக்க நான் மட்டும்தான். நான்கு மாதம் ஆய்வுக்கூடத்துப் பக்கமே போகவில்லை. 'எங்கே ஓடிவிடும், புழுதானே' என்று நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் பேராசிரியர் ஒரு கட்டுரையை போனில் அனுப்பினார். வேறு நாட்டு ஆட்கள் எழுதியது. முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே முள், அதே இரண்டு வளைவு. பெயரும் வைத்துவிட்டார்கள்.

உள்ளே போனதும் நைனா என் முகத்தைப் பார்த்தார். ஆக்ஸிஜன் முகமூடியைச் சற்றுத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"இன்னாமா, புழு மேட்டர் இன்னா ஆச்சு? என்னால லேட்டாவுதா?"

"இல்ல நைனா. அச்சுல வந்துடுச்சு."

"நெசமா?"

போனிலிருந்த அந்தப் படத்தைக் காட்டினேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு கண்டுபுடிச்சது" என்றார்.

ஒன்பதாம் நாள் போய்விட்டார். சாவுக்கு வந்த லாரி டிரைவர்களில் ஒருவர், "புழு கண்டுபுடிச்ச பொண்ணு நீதானாம்மா? போன்ல சொல்லிக்கினே இருந்தாரு" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுபடி ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் அந்த ஏழு புழுக்களை வைத்திருந்த கண்ணாடித் தகடுகளின் சீட்டுகளிலும் அவர்கள் வைத்த பெயரை என் கையாலேயே எழுதினேன். இன்னும் திறக்காத குப்பிகள் அலமாரியில் நிறைய இருக்கின்றன. போன வாரம் ஒன்றில், எதிலும் சேராத ஒரு பெண் புழு கிடைத்தது. ஆண் கிடைக்கவில்லை. இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை; சொல்ல வீட்டில் ஆளும் இல்லை.