அண்ணன் அறுக்காத பூட்டு

எங்களை ஆளாக்கிய அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அண்ணன் பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமானதால், ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூரில் எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்தார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கேலி பேசுவார்.

அண்ணனின் தொழிலில் ஒரு விதி உண்டு. பழுது பார்ப்பவர் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தம் பூட்டைப் போட்ட பிறகே மெஷினில் கைவைப்பார். போட்டவரே திறக்க வேண்டும். அடுத்தவர் பூட்டை யாரும் தொடுவதில்லை; உள்ளே அவர் கை இருக்கும்.

தங்கையின் கல்யாணத்துக்காக அண்ணன் ஈராக் போனார். அந்நியப் படை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. அங்கே அரசு சிமெண்ட் ஆலை ஒன்றைத் தனியாருக்கு விற்க ஏற்பாடு நடந்தது. வேலை போய்விடும் என்று பயந்த தொழிலாளர்கள் ஆலையை நிறுத்தி, மெயின் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டுப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக ஆலையை ஓட்டத்தான் தன்னை அழைத்து வந்தார்கள் என்பது அண்ணனுக்கு அன்றுதான் தெரிந்தது.

கூட்டிப்போன மேஸ்திரி சேலத்துக்காரர். "அறுத்துத் தள்ளுப்பா. உன் மாமியார் வூட்டுப் பூட்டா அது?" என்றாராம்.

"மாமியார் வூட்டுதுன்னா அறுத்திருப்பேன் மேஸ்திரி. போட்டவன் வந்துதான் இதத் தொறக்கணும்."

"உள்ள எவன் கையும் இல்லடா!"

"கை இல்லீங்க. அவங்க சோறு இருக்குது."

"இன்னிக்கே ஊருக்கு ஏத்திருவேன்."

"ஏத்துங்க."

வாசலில் இருந்தவர்கள் வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தார்களாம். அண்ணன் வெறுங்கையோடு வந்தார். கல்யாணம் தள்ளிப்போனது.

"நீ அறுக்கலன்னா வேறொருத்தன் அறுப்பான்டா" என்று அம்மா அழுதார்.

"அறுத்திருப்பாம்மா" என்றார் அண்ணன். மறுபடி ஓசூரிலேயே வேலைக்குச் சேர்ந்தார். தங்கையின் கல்யாணத்தை அவரே நடத்தி வைத்தார். கடைசிவரை கான்ட்ராக்ட் தொழிலாளியாகவே இருந்தார்.

சென்ற ஆண்டு ஒரு மதியம், மெஷினுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவர் கேன்டீனிலேயே நெஞ்சுவலியால் சாய்ந்தார். அடக்கம் முடிந்த மறுநாளும் அந்தப் பூட்டு அங்கேயே தொங்கியது. அறுக்கச் சொன்ன அதிகாரியிடம், "அண்ணன் பூட்டுங்க சார். வூட்டுல சாவி வாங்கியாறோம்" என்று சொல்லிவிட்டு உடன் வேலை செய்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாவியைக் கொடுத்தனுப்ப அண்ணிக்கு மனம் வரவில்லை. தாமே போய்த் திறந்தார். அதன் பிறகுதான் மெஷின் ஓடியது.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்களுக்கும், துக்கத்தில் கூட நின்ற அனைவருக்கும், அண்ணி வரும்வரை மெஷினை நிறுத்திக் காத்திருந்த தோழர்களுக்கும் எங்கள் நன்றி. அன்று அண்ணனுக்கு ரொட்டி கட்டிக் கொடுத்த, எங்களுக்குப் பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களுக்கும் நன்றி. உங்கள் பூட்டை எங்கள் அண்ணன் தொடவில்லை.