விமான இருக்கை வைத்த வேன்

நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் விமான இருக்கையின் பெல்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவேன், கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவேன். யாராவது தங்கள் முதல் விமானப் பயணக் கதையை ஆரம்பித்து, பெல்ட் போடத் தெரியாமல் முழித்ததைச் சொல்லிச் சிரித்தால் எனக்குச் சிரிப்பு வராது. எழுந்து போய்விடுவேன். திமிர் பிடித்தவள் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவிடம் ஒரு வேன் இருந்தது. சித்தூரிலிருந்து காலையில் திருப்பதிக்குப் போய், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நின்று, மலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் தொழில். நாங்கள் பழைய மிஷன் சபைக் கிறிஸ்தவர்கள். வாரமெல்லாம் பெருமாளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நல்ல பிள்ளையாகச் சர்ச்சில் வந்து உட்காருகிறான் என்று சபையில் கேலி பேசுவார்கள். நைனாவும் சேர்ந்து சிரிப்பார். சத்தியவேட்டுப் பக்கம் அம்மாவின் பங்குக்கு வந்த நிலத்தை விற்றுத்தான் அந்த வேனை வாங்கியிருந்தோம். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அம்மாவுக்கு அன்று சோறு இறங்காது. அது போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும்.

வேனுக்குள் இரண்டு பக்கமும் நீளமான பெஞ்சு, மேலே ரெக்சின் தைத்தது. பன்னிரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்காரலாம். குழந்தைகள் கணக்கில் வராது. மடியில், காலடியில், மூட்டைக்கு மேல் என்று எங்கே இடமோ அங்கே.

எண்பதுகளின் தொடக்கம் அது. அம்மாவின் தம்பி, என் மாமா, மெட்ராஸ் ஏர்போர்ட்டில் விமானத்துக்குள் இருக்கைகளைக் கழற்றி மாட்டும் கூட்டத்தில் வேலை பார்த்தார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தவர் வழவழப்பான ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். அவர் வேலை பார்த்த கம்பெனி விமானத்தின் உள்ளமைப்பையே மாற்றிக்கொண்டிருந்தது. முன்னால் மகாராஜா போலப் போகிறவர்கள், பின்னால் நெருக்கியடித்துப் போகிறவர்கள் என்று இருந்ததற்கு நடுவே பிசினஸ் கிளாஸ் என்று புதிதாக ஒன்றைப் புகுத்தியிருந்தார்கள்.

"மூணு சீட்டு இருந்த எடத்துல ரெண்டுதான் மாமா. முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல இம்மாம் எடம், கால நீட்டிக்கினு போலாம். பின்னாடி ஒரு ஸ்க்ரீன் தொங்கும். கும்பலு கண்ணுக்கே தெரியாது."

"சீட்ட கொறச்சா நஷ்டந்தானே?" என்றார் நைனா.

"அதான் இல்ல. டிக்கெட்டு வெலய ஏத்திட்டாங்க. போட்டி போட்டுக்கினு வாங்கறாங்க."

நைனா பிரியாணியில் வைத்த கையை எடுக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. மாமா ஊருக்குப் போன பிறகு அந்தத் தாள் எங்கள் வீட்டு நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. சாம்பல் நிற இருக்கையில் ஒரு மனுஷன் காலை நீட்டிக் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறான். நைனா பல் தேய்க்கும்போதுகூட அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"பஸ்ஸுல போறவன் போவட்டும். கார் வெச்சிருக்கறவன் கார்ல போவட்டும். நடுவுல ஒருத்தன் இருக்கான் இல்ல? கைல கொஞ்சம் காசு வெச்சிக்கினு, கும்பல்ல மாட்டாம, முதுகு நோவாம போய் சாமி பாத்துட்டு வரணும்னு நெனக்கறவன். அவனுக்கு இன்னா வண்டி இருக்குது?" என்றார் ஒரு நாள்.

"மலைக்கு வர்றவங்க இன்னா ஆபீசருங்களா? மொட்ட அடிச்சிக்க வர்றவங்க" என்றாள் அம்மா.

"ஒனக்கு ஒன்னும் தெரியாது."

அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நைனா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை.

விமானத்திலிருந்து கழற்றின பழைய முன்வகுப்பு இருக்கைகள் மெட்ராஸில் பழைய சாமான் கடைக்கு வந்திருந்தன. மாமா சொல்லிவைத்து மூன்று ஜோடி லாரியில் வந்து இறங்கியது. சித்தூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேனின் தரையை அறுத்து, இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்து அவற்றைப் பொருத்தினார்கள். டிரைவருக்குப் பின்னால் திரைச்சீலை தொங்கியது. ஒவ்வொரு கைப்பிடியிலும் சாம்பல் தட்டும் சின்னக் கிண்ணம், சாய்ந்துகொள்ள ஒரு பொத்தான், இடுப்புக்குப் பெல்ட். பழைய பெஞ்சுகளைக் காணிப்பாக்கம் ரோட்டில் டீக்கடை போடப்போகிற ஒருவர் கேட்டார். இனிமேல் இதெல்லாம் எனக்கு எதற்கு என்று நைனா தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையே வேனைச் சுற்றி நின்றது. பாஸ்டர் ஐயாதான் முதலில் ஏறினார். பொத்தானை அமுக்கிச் சாய்ந்தவர் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. சர்ச்சுக்குள்ளேயும் இதையே போட்டுவிடலாமா என்று யாரோ கேட்டார்கள்.

"வேணாம்ப்பா, பெஞ்சுலயே பாதிப் பேர் தூங்கறீங்க" என்றார் பாஸ்டர்.

நைனா முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

நான் அப்போது திருப்பதியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் அவரோடு போவேன், மாலையில் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து காத்திருந்து அவரோடு திரும்புவேன். அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன்.

ரயில் வந்தால் கும்பல் வரும். வேனைப் பார்த்ததும் நிற்பார்கள். தலையை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள், இருக்கையைத் தடவுவார்கள், குழந்தைகளை ஒரு முறை உட்காரவைத்து இறக்குவார்கள். பிறகு குடும்பத்துப் பெரியவர் ஆள் எண்ணுவார். "பதகொண்டு மந்திமி" என்று தெலுங்கில் சொன்னார் ஒருவர். பதினோரு பேர். இரண்டு நடையாகக் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் நைனா. பெரியவர் அவரை விசித்திரமாகப் பார்த்தார். மொட்டை போட வேண்டிய குழந்தை தாய்மாமன் மடியில் வர வேண்டும். தாய்மாமன் பக்கத்தில் குழந்தையின் அம்மா. வேண்டிக்கொண்டது பாட்டி. செலவு செய்வது தாத்தா. இதில் யாரை முதலில் அனுப்புவது, யாரைத் தெருவில் நிறுத்துவது? "ஒகே பண்டிலோ போவாலி" என்றார். ஒரே வண்டியில் போக வேண்டும். அவ்வளவுதான். பின்னால் பெஞ்சு போட்ட வேன் ஒன்று நின்றது. பதினோரு பேரும் அதில் ஏறிக்கொண்டார்கள்.

தினமும் இதே கதை. தனியாகச் சாமி பார்க்க எவன் வருகிறான்? புருஷன் பெண்டாட்டி மட்டும் வந்தால் பஸ்ஸில் போகிறார்கள். தவறி ஏறினவர்களும் நிம்மதியாக வரவில்லை. நடுவில் கைப்பிடி இருந்ததால் குழந்தையை இரண்டு மடியில் நீட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. பெரியவர்களுக்குச் சம்மணம் போட இடமில்லை. மலைப்பாதை வளைவில் சாய்ந்த வாக்கில் போனால் குடலைப் புரட்டியது. அம்மா காகிதத்தில் பை ஒட்டிக் கொடுத்திருந்தாள், அது மட்டும் தீர்ந்துகொண்டே இருந்தது.

நகரியிலிருந்து வந்த ஒரு கிழவிக்கு நைனா பெல்ட் மாட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னாத்துக்கு என்னக் கட்டிப்போடற? எனக்கு இன்னா புத்தி பேதலிச்சிப் போச்சா?"

"இல்ல தாயி. ப்ளேன்லயும் இப்பிடித்தான். இத்தப் பாரு, கட்ட வெரலால மூடிய லேசாத் தூக்கினா தானாத் தொறந்துக்கும்" என்று நைனா பொறுமையாகத் திறந்து மூடிக் காட்டினார். கிழவி இறங்கிப் போய்விட்டாள்.

அதன் பிறகு ரேணிகுண்டாவில் விமானம் வரும் நாட்களில் ஏர்போர்ட் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார். நடுவில் இருக்கிறவன் அங்கேதான் இறங்குவான் என்பது அவர் கணக்கு. ஒரு லீவு நாளில் நானும் போனேன். சின்ன விமானம், அதிலிருந்து இறங்கினவர்கள் ஒரு கைப்பிடி. முக்கால்வாசிப் பேரை ஆபீஸ் கார்களும் லாட்ஜ் கார்களும் அள்ளிக்கொண்டு போயின. சஃபாரி சூட் போட்ட ஒருவர் மட்டும் எங்கள் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இப்பதானேப்பா இதுலேர்ந்து எறங்கி வரேன், முதுகெல்லாம் வலி. மறுபடியும் இதுலயேவா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நைனாவும் சிரித்தார். சபையில் கேலி செய்யும்போது சிரிப்பாரே, அதே சிரிப்பு. அந்த மனுஷன் கார் ஏறிப் போனதும் நைனா திரைச்சீலையை இழுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

கடைசியில் பெஞ்சுகளைத் திருப்பிக் கேட்கப் போனார். டீக்கடைக்காரர் அவற்றின் காலைச் சிமெண்டில் பதித்துப் பூசியிருந்தார். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நைனா பெஞ்சைப் பற்றிக் கேட்காமலே ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். புதுப் பெஞ்சு போடலாம் என்று அம்மா சொன்னாள். போடுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. டயர் வழுக்கையாகிவிட்டது, வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.யும் முடிந்துவிட்டது, வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. அம்மா காலையில் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வருவாள்.

ஸ்டேஷன் வாசலில் நைனாவோடு வண்டி ஓட்டின ஒருவரே அதை வாங்கினார். வாங்கின வாரமே இருக்கைகளைப் பிடுங்கி எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் பெஞ்சு போட்டார். நல்ல மனுஷன்தான், நைனாவையே டிரைவராக வைத்துக்கொண்டார். தன் வண்டியிலேயே கூலிக்கு உட்கார்ந்து, பன்னிரண்டு பேரையும் அதற்கு மேலும் ஏற்றிக்கொண்டு, நைனா மலைக்கும் ஸ்டேஷனுக்குமாகப் போய் வந்தார். இருக்கைகளில் ஒரு ஜோடியைச் சலூன்காரர் எடுத்துக்கொண்டார். ஒரு ஜோடியை எலி தின்றது. மூன்றாவது ஜோடி கூடத்தில் கிடந்தது. நைனா அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அதன் மேல் துணி மடித்து வைப்போம்.

ஒரு விடியற்காலை குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. அந்த வேனில்தான் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பெஞ்சுகளுக்கு நடுவே தரையில் படுக்கவைத்து. இனிமேல் இப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

படுத்தே கிடந்தால் முதுகில் புண் வந்தது. நாற்காலியில் உட்காரவைத்தால் வலப்பக்கமாகச் சரிந்து விழுந்தார். ஒரு நாள் அம்மா அந்த விமான இருக்கையிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டாள். நானும் அவளும் தூக்கி அவரை அதில் உட்காரவைத்தோம். பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் சாய்த்தேன். பெல்ட்டை மாட்டினேன். விழாமல் உட்கார்ந்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

"நெலத்த வித்து வண்டி. வண்டிய வித்து இந்த நாற்காலி. இதுக்குத்தான் இத்தன பாடா?" என்றாள் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

எதிரே நாள்காட்டிப் பக்கத்தில் அந்தத் தாள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நைனா அதைப் பார்க்கவில்லை. படுத்தே கிடந்து பலம் போன அவருடைய இடது கை வயிற்றின் மேல் ஊர்ந்து ஊர்ந்து பெல்ட்டின் மூடியைத் தேடியது. கட்டை விரல் மூடியில் வந்து நின்றது. எத்தனை பேருக்குத் திறந்து மூடிக் காட்டிய மூடி. அதைத் தூக்க அவரால் முடியவில்லை. என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை, குனிந்து திறந்துவிட்டேன்.

வலப்பக்கமாகச் சரிந்தார். தோளைப் பிடித்து நிமிர்த்தி மறுபடியும் மாட்டினேன்.